கிடைக்காத இடத்தை எடை போடுகிறவர்கள்

உலகத்தில் பெற்றோர்கள் பல வகை. பிள்ளையை அடிப்பவர்கள், அடிப்பேன் அடிப்பேன் என்று சொல்லிக்கொண்டே இருப்பவர்கள், பிள்ளையிடம் அடி வாங்குபவர்கள். அமெரிக்காவின் வடக்கே, பனிக்குப் பேர்போன எங்கள் மினியாபொலிஸில், அதிலும் ஏரிகளை ஒட்டிய தெருக்களில், இன்னொரு வகை செழித்து வளர்கிறது. பிள்ளையை ஸ்பானிஷ் பள்ளியில் சேர்ப்பதா வேண்டாமா என்று இரவு பகலாக யோசித்துக்கொண்டிருக்கும் வகை. அந்தப் பள்ளியில் இவர்களுக்கு இடம் கிடைத்துவிட்டதா என்று கேட்கிறீர்களா? இல்லை. அதனால்தான் யோசிக்க அவ்வளவு நேரம் இருக்கிறது.

பள்ளியின் பெயர் கிரசோல். ஒரு காலத்தில் தரைக்கம்பளம் விற்ற கடையின் நடுவே சுவர்களை எழுப்பி வகுப்பறை ஆக்கியிருக்கிறார்கள். அரசாங்கப் பணத்தில் ஒரு குழு தன் இஷ்டப்படி நடத்தும் சார்ட்டர் பள்ளி. குலுக்கலில் பெயர் வந்தால் கட்டணம் இல்லாமல் படிக்கலாம். உள்ளே கால் வைத்த நிமிடத்திலிருந்து கூட்டல், கழித்தல், மழை, மூக்குச்சளி எல்லாமே ஸ்பானிஷில்தான். குழந்தையைத் தலையோடு முக்கி எடுத்துவிடுவார்கள். அங்கே பாலர் வகுப்பு என்று ஒன்று இருக்கிறது. அதில் நுழைந்துவிட்டால் பிறகு குலுக்கல் கிடையாது, நேராக மேல் வகுப்புக்குப் போகலாம். ஆகவே ஊரில் மூன்று வயதுப் பிள்ளை வைத்திருக்கும் அத்தனை பேரும் அந்தப் பாலர் வகுப்பின் வெயிட்டிங் லிஸ்டில் இருக்கிறார்கள்.

இவர்களை எப்படி அடையாளம் காண்பது? மிகச் சுலபம். பேச்சை ஆரம்பிக்கும்போதே, "நாங்க ஒண்ணும் அந்த மாதிரிப் பெத்தவங்க இல்ல" என்பார்கள். சொல்லிவிட்டு, அந்த மாதிரிப் பெற்றவர்கள் என்னவெல்லாம் செய்வார்களோ அதையெல்லாம் ஒரு மணி நேரம் விவரிப்பார்கள்.

என் பக்கத்து வீட்டு லின்னேயாவும் ட்ரெவரும் இந்த இனத்தின் உயர்ந்த ரகம். ட்ரெவருக்குக் காப்பீட்டுக் கம்பெனியில் வேலை. எந்த வீடு எரியும், எந்த வீடு எரியாது என்று முன்கூட்டியே கணித்துச் சொல்ல வேண்டும். லின்னேயா முட்டி மாற்றிக்கொண்டவர்களை மறுபடி நடக்க வைப்பவள். ஒரே பையன், பெயர் அன்டர்ஸ். பிறக்காத பிள்ளைக்குப் பேர் வைக்கக் கூடாது என்பார்கள். இவர்கள் அந்தத் தவறைச் செய்யவில்லை. பேர் வைக்காமலேயே வயிற்றிலிருந்த பிள்ளையை லிஸ்டில் போட்டுவிட்டார்கள்.

அன்றிலிருந்து தொடங்கியது எடை போடுவது. வேலிக்கு இந்தப் பக்கம் நான் இலைகளை வாரிக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கம் தராசு ஆடிக்கொண்டிருக்கும்.

"காலைல அரை மணி நேரம் கார்ல உக்காரணும், பாவம் புள்ள."

"ஆனா மூளைக்கு நல்லதாமே."

"இங்கிலீஷ் படிக்க ரெண்டு வருஷம் தாமதமாகுமாம்."

"அப்புறம் ஒரே பாய்ச்சல்ல புடிச்சிடுவாங்களாம்."

"எல்லாரும் இப்படிப் போயிட்டா நம்ம தெருப் பள்ளிக்கூடம் என்ன கதி ஆகும்?"

"அதத்தான் நானும் நெனச்சேன்."

பிறகு யாராவது ஒருவர், "இருந்தாலும்..." என்பார். உடனே முதலிலிருந்து ஆரம்பமாகும். இத்தனைக்கும் அவர்கள் வீட்டு வாசலில் 'நம் தெருப் பள்ளியைக் காப்போம்' என்று பலகை நட்டிருக்கிறார்கள். அதன் பின்னால் நின்றுகொண்டுதான் இந்தப் பேச்சு நடக்கும். பலகை தெருவைப் பார்த்து நடப்பட்டிருப்பதால் பின்னால் நிற்பவர்களுக்கு எழுத்து தெரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"ஏம்ப்பா, இடம் வந்துடுச்சா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இன்னும் இல்ல, நாப்பத்தொண்ணாவது நம்பர்" என்றான் ட்ரெவர். "ஆனா வந்தா எடுத்துக்கிறதான்னு நாங்க இன்னும் முடிவு பண்ணல."

பெண் கேட்கவே போகாமல் மாமியார் சரியில்லை என்று சொல்கிறவனை நீங்கள் பார்த்ததில்லையா?

யோசனைக்கு நடுவே தயாரிப்பும் உண்டு. பள்ளியைச் சுற்றிப் பார்க்க மூன்று தடவை போய்விட்டார்கள். பழக்கடையில் வாழைப்பழத்தைக் காட்டி லின்னேயா ஸ்பானிஷில் ஒரு சொல் சொல்வாள். அன்டர்ஸ் பழத்தைப் பார்ப்பானே தவிர அம்மாவைப் பார்க்கமாட்டான். ட்ரெவர் கைபேசியில் பாடம் கற்றான். சனிக்கிழமைகளில் லேக் தெருவில் டாக்கோ என்ற மெக்சிகோ ரொட்டி விற்கும் வண்டி முன்னால் போய் நின்று, மனப்பாடம் செய்த வாக்கியத்தை நிறுத்தி நிதானமாகச் சொல்லுவான். வண்டிக்காரப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு இங்கிலீஷில் கேட்பாள்.

"காரம் போடலாமா?"

அவன் விடாமல் ஸ்பானிஷில் ஏதோ சொல்வான்.

"சரி, காரம் வேண்டாம். அடுத்து யாருங்க?"

காரம் போடச் சொல்லித்தான் அவன் கேட்டான். காரமில்லாத டாக்கோவைச் சாப்பிட்டுவிட்டு, "இன்னைக்கு நல்லாவே பேசினேன்" என்று வீட்டுக்கு வருவான்.

எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது உங்களுக்குப் புரியாது. இங்கே யாரும் எதையும் நேராகக் கேட்பதில்லை, கொடுத்தால் உடனே வாங்குவதும் இல்லை. கொடுப்பவர் மூன்று தடவை கேட்க வேண்டும். முதல் தடவை, சேச்சே வேண்டாம். இரண்டாம் தடவை, உங்களுக்கு எதற்குச் சிரமம். மூன்றாம் தடவை, நீங்கள் இவ்வளவு சொல்வதால் துளியூண்டு. இதுதான் மரியாதை. லிஸ்டில் இருக்கும் பெற்றோர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தில் சமைத்துக்கொண்டு வந்து கூடிச் சாப்பிடும் நாளில் பார்க்க வேண்டும். தட்டில் கடைசியாக ஒரு துண்டு இனிப்பு மிஞ்சும். ஒருவர் அதைப் பாதியாக வெட்டி எடுப்பார். அடுத்தவர் மிச்சத்தில் பாதி. அதற்கடுத்தவர் அதிலும் பாதி. முழுத் துண்டை எடுத்தவர் என்ற பழி யாருக்கும் வேண்டாம். தட்டைக் கழுவும்போது அதில் ஒரு பொடி இருக்கும்.

அந்தக் கூட்டத்தில் அவரவர் நம்பரைத் தெரிந்துகொள்ளத் தவிப்பார்கள். ஆனால் கேட்பார்களா?

"குளிர் எப்படிப் போகுது?"

"மோசமில்ல. உங்களுக்கு ஏதும் சேதி வந்துதா?"

"எந்தச் சேதி? ஓ, அதுவா. அதெல்லாம் நாங்க நெனக்கிறதே இல்ல."

"நாங்களும்தான்."

இப்படிச் சொல்லிவிட்டு இரண்டு பேரும் கைபேசியில் பள்ளியின் அழைப்பு தவறிவிட்டதா என்று பார்த்துக்கொள்வார்கள்.

நம்பர் மெல்ல இறங்கியது. சிலர் ஊர் மாறினார்கள், சிலர் வேறு பள்ளிக்குப் போனார்கள், சிலருடைய பிள்ளைகள் யோசித்து முடிப்பதற்குள் வளர்ந்துவிட்டன. பிப்ரவரி கடைசியில், பனி ஜன்னல் வரை குவிந்திருந்த ஒரு காலையில், லின்னேயாவுக்குப் போன் வந்தது. நான் அப்போது அவர்கள் சமையலறையில்தான் இருந்தேன். இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். கிரசோல் அலுவலகத்திலிருந்து நூரியா பேசினாள். ஸ்பெயினிலிருந்து வந்து அந்தக் குளிர்காலம்தான் வேலையில் சேர்ந்தவள். போன் மேசைமேல் கிடந்ததால் எனக்கும் எல்லாம் கேட்டது.

"உங்க பையனுக்குப் பாலர் வகுப்புல ஒரு இடம் காலியாயிருக்கு. எடுத்துக்கிறீங்களா?"

லின்னேயாவின் முகம் சிவந்தது. ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு நாள் போட்ட எடை எல்லாம் பறந்து போனதை நான் கண்ணால் பார்த்தேன். அவளுக்கு அந்த இடம் வேண்டும். எப்போதுமே வேண்டித்தான் இருந்தது.

"அடடா, எங்களுக்கா? சேச்சே, அதெல்லாம் வேண்டாம்" என்றாள்.

"வேண்டாமா?"

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்? எங்களவிட அவசியமானவங்க யாராவது இருப்பாங்க. அவங்களுக்கே குடுங்களேன், நாங்க எப்படியோ சமாளிச்சுக்குவோம்."

"ரொம்ப நல்ல மனசு உங்களுக்கு. இந்த ஊர்ல இப்படி ஒருத்தரை நான் பார்த்ததே இல்ல. சரி, அடுத்தவங்களக் கூப்பிட்டுக்கிறேன்."

போன் கட்டாகிவிட்டது. லின்னேயா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது தடவை கேட்பதற்கு இன்னும் நேரமிருக்கிறது என்பதுபோல நின்றாள்.

"திருப்பிக் கூப்பிட்டு வேணும்னு சொல்லும்மா" என்றேன்.

"அதெப்படி? வேணும்னு வாய்விட்டா கேக்கிறது? அவங்க என்னைப் பத்தி என்ன நெனப்பாங்க?"

ட்ரெவருக்குச் செய்தி போயிற்று. அவன் வேலையைப் போட்டுவிட்டு வந்தான். இரண்டு பேரும் உட்கார்ந்து மின்னஞ்சல் எழுதினார்கள். தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும் என்று ஆரம்பித்து, ஒருவேளை, தற்செயலாக, வேறு யாருக்கும் இடைஞ்சல் இல்லாத பட்சத்தில் என்று போய், எதுவானாலும் எங்களுக்குச் சம்மதமே என்று முடித்தார்கள். 'வேண்டும்' என்ற சொல்லை ட்ரெவர் ஒரு இடத்தில் போட்டான்; லின்னேயா எடுத்துவிட்டாள். கடிதம் போய்ச் சேர்வதற்குள் மதியம் ஆகிவிட்டது. அடுத்த நம்பர் நியூஜெர்சியிலிருந்து புதிதாக வந்த குடும்பம். நூரியா கேள்வியை முடிக்கும் முன்பே அவர்கள் சரி என்று சொல்லி, பையனின் பள்ளிச் சட்டை அளவையும் சொல்லிவிட்டார்களாம். அடுத்த வருஷம் அன்டர்ஸுக்குப் பாலர் வகுப்பு வயது தாண்டிவிடும். அதற்கு மேலே உள்ள வகுப்பில் வெளியிலிருந்து வருபவர்களுக்கு இடமே மிஞ்சுவதில்லை.

மறுநாள் வாசலில் பனியை வாரிக்கொண்டிருந்த லின்னேயா, மண்வாரியை ஊன்றி நின்று என்னிடம் சொன்னாள்.

"மூளைக்கு நல்லது, வேலைக்கு நல்லதுன்னு சொன்னதெல்லாம் சும்மா. எங்க வீட்டுல யாரும் எதையும் வாய்விட்டுக் கேட்டதே இல்ல. எங்கப்பா நெஞ்சு வலிச்சப்பகூட 'சுமாரா இருக்கு'ன்னுதான் சொன்னாரு. ஆம்புலன்ஸ்காரங்ககிட்ட, உங்களுக்குக் கஷ்டம் குடுத்துட்டேன்னு மன்னிப்புக் கேட்டாரு. அதான் அவர் கடைசியாப் பேசினது."

ஒரு வாரி பனியை அள்ளி ஓரமாகக் கொட்டிவிட்டு மறுபடி ஊன்றி நின்றாள்.

"கிரசோலப் பார்க்கப் போனப்போ ஒரு குட்டிப் பொண்ணு டீச்சர் கையப் புடிச்சி இழுத்து, எனக்கு வேணும், எனக்கு வேணும்னு ஸ்பானிஷ்ல சொல்லிச்சு. டீச்சர் சிரிச்சிக்கிட்டே எடுத்துக் குடுத்தாங்க. முதல் வாரமே அதத்தான் சொல்லித் தராங்களாம். இவனும் அத எங்கயாவது கத்துக்கட்டும்னு பார்த்தேன்."

"நீயே வீட்டுல சொல்லிக் குடுக்கலாமேம்மா."

"எனக்குத் தெரிஞ்சாத்தானே" என்றாள்.

அவ்வளவு நாள் அவர்களைப் பார்த்துச் சிரித்ததற்காக எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அன்டர்ஸ் இப்போது தெருப் பள்ளிக்குத்தான் போகிறான். நல்ல பள்ளிதான். போன வாரம் என் வீட்டுக்கு வந்தான். பிஸ்கட் தட்டை நீட்டினேன். சாக்லேட் வைத்த பிஸ்கட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "வேண்டாம், உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றான். அவனுக்கு இன்னும் ஐந்து வயது முடியவில்லை. நான் மறுபடியும் கேட்டேன். மறுபடியும் வேண்டாம் என்றான். மூன்றாவது தடவை கேட்டதும் இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். பனியில் நாக்கு உறைந்துபோன ஜனங்கள், பாவம் என்று நினைக்கிறீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை வெயிலில் அலைந்துவிட்டு ஒரு வீட்டுக்குப் போனீர்கள். "காபி சாப்பிடுறீங்களா?" என்று அந்த வீட்டு அம்மாள் கேட்டதும், "ஐயோ, வேண்டாங்க, இப்பத்தான் குடிச்சிட்டு வர்றோம்" என்றீர்கள். குடிக்கவில்லை. அந்த அம்மாள் நம்பவில்லை. டம்ளரைக் கையில் திணித்துவிட்டாள், நீங்கள் பிழைத்தீர்கள். வேலையோ, வீடோ, பிள்ளைக்கு ஒரு இடமோ கொடுக்க உங்களைக் கூப்பிடப் போகிறவள் அந்த அம்மாள் இல்லை. கூப்பிடப் போகிறவள் நூரியா மாதிரி ஒருத்தி; நீங்கள் சொல்வதை அப்படியே நம்புவாள். உங்கள் நல்ல மனதைப் பாராட்டிவிட்டுப் போனை வைத்துவிடுவாள்.