கேசட்டில் வந்த ருகையா

லப்பைக்குடிக்காடு,
1998.

சவூதி தமாமில் உழைக்கும் என் அக்காள் மகன் ஜக்கரியாவுக்கு, ஜமாஅத் செயலாளரும் உன் தாய்மாமனுமாகிய சிக்கந்தர் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் இங்கு மழை உண்டு, சுகம் உண்டு, நிம்மதிதான் இல்லை. அதற்கு நீயே காரணம்.

போன மாதம் நீ எனக்குப் போன் போட்டு, உன் மனைவி ருகையாவைத் தலாக் சொல்வதாக மூன்று முறை கத்தி, ஜமாஅத்தில் பதிந்துவிடச் சொன்னாய் அல்லவா? வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து கூடினோம். பெண்பிள்ளைகள் ஜமாஅத்துக்கு வரும் வழக்கம் நம்மிடம் இல்லை, அத்தாவோ அண்ணனோ வந்து பேச வேண்டும், அவளுக்கு இருவருமே இல்லை, ஆகவே சட்டென்று முடித்துவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்றிருந்தேன். அவளோ நீ பேசி அனுப்பும் கேசட்டுகளைக் கேட்க வாங்கிக் கொடுத்த டேப் ரெக்கார்டரையே பள்ளிவாசலுக்குக் கொடுத்தனுப்பியிருந்தாள், உள்ளே ஒரு கேசட். ஜமாஅத் தலைவரான முத்தவல்லி ஹாஜியார் பொத்தானை அமுக்கினார்.

"பெரியவங்களுக்கு சலாம். உள்ள வரக் கூடாதுங்கறீங்க. என் புருஷனோட ஏழு வருஷமா கேசட்டுலதான் குடும்பம் நடத்துறேன், அதனால கேசட்டுலயே வந்துருக்கேன்" என்றாள். ஹாஜியார் வழக்கம்போல, நிறுத்தும்மா, நான் சொல்வதைக் கேள் என்று அதட்டினார். அது நிற்கவில்லை. ஒரு பெண்பிள்ளை பேசி முடிக்கும்வரை எங்கள் ஜமாஅத் வாயை மூடிக்கொண்டிருந்தது இதுவே முதல் தடவை. எனக்கும் மனசு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது, அதை விடு. கடைசியில் கேட்டாளே ஒரு கேள்வி: "அவரு தலாக் சொன்னது என்கிட்ட இல்லைங்க, மாமாகிட்ட. அப்ப தலாக் ஆனது மாமாவுக்குத்தானே? தலாக் ஆனவ மூணு மாசம் வெளி ஆம்பளைங்க கண்ணுல படாம வூட்டோட இத்தா இருக்கணுமே, அதுவும் அவங்கதானே?"

பள்ளிவாசலில் சிரிக்கக் கூடாது என்பதை அத்தனை பேரும் மறந்துவிட்டார்கள். முடிவு அடுத்த வெள்ளிக்குத் தள்ளிப்போனது. யாரோ பெரம்பலூரில் நகல் போட்டு வந்து, கேசட் இப்போது வீட்டுக்கு வீடு ஓடுகிறது. நீ கலங்காதே. பதிவுப் புத்தகம் என் கையில், சத்தமில்லாமல் பதிந்துவிடுகிறேன். இந்தக் கடிதம் மட்டும் ருகையா கண்ணில் படக் கூடாது. அல்லாஹ் உனக்கு ஆயுளும் எனக்கு மானமும் தருவானாக.

உன் மாமா,
சிக்கந்தர்.

பி.கு.: கையெழுத்துப் போட்டு நிமிர்வதற்குள் உன் மாமி வாசலைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். இத்தா முடியும்வரை நான் ஜமாஅத்துக்குப் போகக் கூடாதாம், அந்நிய ஆண்கள் யாரும் என்னைப் பார்க்கவும் கூடாதாம். பதிவுப் புத்தகமும் அவளிடம். ஆகவே நீயே டிக்கெட் எடுத்து வந்து, ருகையாவின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொள். தபால் பெட்டிவரைகூட என்னை விடாததால், இதை ருகையாவிடம்தான் மாமி கொடுத்தனுப்புகிறாள். உறையை ஒட்டவில்லை. பசை ருகையா வீட்டில் இருக்கிறதாம்.