மாப்பிள்ளையோடு போன முன்பாதி

அக்காவின் கல்யாணத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் நான் இன்றும் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவேன். இது எங்கள் சொந்தக்காரர் எல்லோருக்கும் தெரியும். அதனால் நான் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்து உட்காரும்வரை காத்திருந்து மறுபடி பேச்செடுப்பார்கள்.

இருபத்திரண்டு வயதில் நான் ஒரு கார் வடிவமைத்தேன். சாதாரணக் கார் அல்ல, நான்கு சில்லும் எஞ்சின் பலத்தில் ஓடுகிற ஸ்போர்ட்ஸ் கார். இடம், யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியான ஊர்காவற்றுறையில் எங்கள் வீட்டு முற்றம்.

சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. பாதை திறந்து, வெளிநாட்டில் இருந்தவர்கள் ஊர் பார்க்க வரத் தொடங்கியிருந்தார்கள். ஜெர்மனியிலிருந்து வந்த பெரியம்மாவின் மகன் ஒரு கார்ச் சஞ்சிகையை எங்கள் வீட்டில் மறந்துவிட்டுப் போனான். (எனக்கென்று தந்துவிட்டுப் போனதாக நான் ஊரெல்லாம் சொல்லியிருந்தேன்.) எனக்கு ஜெர்மன் மொழி தெரியாது. ஆனால் படம் பார்க்கத் தெரியும். நடுப்பக்கத்தில் ஒரு காரைத் தோலுரித்தாற்போல் வரைந்து, எஞ்சினிலிருந்து நான்கு சில்லுக்கும் சிவப்பு அம்புக்குறி போட்டிருந்தார்கள். அந்த நான்கு அம்புகளும் நேரே என் மண்டைக்குள் இறங்கிவிட்டன.

அந்த அம்புகளை எங்கள் முற்றத்தில் எப்படி வரவைப்பது என்று யோசித்து யோசித்து ஒருநாள் விடை கண்டேன். லான்ட்மாஸ்டர் என்று நாங்கள் சொல்லும் கையுழவு இயந்திரத்துக்கு இரண்டு சில்லு. முன்னுக்கு ஒரு லான்ட்மாஸ்டர், பின்னுக்கு ஒரு லான்ட்மாஸ்டர். இரண்டும் இரண்டும் நாலு. உலகத்தில் வேறு யாருக்கும் இது தோன்றவில்லையே என்று அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

புளியங்கூடலில் என் நண்பன் அன்ரன் இருந்தான். அவன் வீட்டில் ஒரு லான்ட்மாஸ்டர், அவனுடைய சித்தப்பா வீட்டில் இன்னொன்று. நான் விஷயத்தைச் சொன்னதும் அன்ரன் என்னைக் கட்டிப் பிடித்தான். அவன் அன்றைக்கு என்னை அடித்திருந்தால் எங்கள் குடும்பத்தின் மானம் தப்பியிருக்கும்.

உடம்புக்கு அப்பாவின் பழைய பைபர் படகு இருந்தது. நாங்கள் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது அது அடியில் ஓட்டையோடு முற்றத்தில் கிடந்தது. அப்பா கடற்றொழில் செய்கிறவர். என்றாவது ஒருநாள் அதைத் திருத்தலாம் என்று வைத்திருந்தார். நான் அதைக் குறுக்கே மூன்றாக அறுத்தேன். அணியம் என்கிற முன்பக்கம் காரின் மூக்கு. பின்பக்கம் காரின் பின்பக்கம். நடுத்துண்டைக் கழித்துவிட்டு இரண்டு பாதியையும் போல்ட் போட்டு இறுக்கினோம். சிவப்புப் பெயின்ற் அடித்ததும் தூரத்திலிருந்து பார்க்க ஸ்போர்ட்ஸ் கார் மாதிரியே இருந்தது. (நல்ல தூரத்திலிருந்து.)

‘புலி’ என்று பெயர் வைக்கத்தான் எனக்கு ஆசை. அப்பா கையிலிருந்த வலையைக் கீழே போட்டார்.

“அந்தப் பேரை எழுதிக்கொண்டு நேவியின்ரை சென்றியைத் தாண்டுவியோ?”

அந்தக் கடற்படைக் காவலரண் எங்கள் றோட்டிலேயே இருந்தது. ‘சுறா’ என்று மாற்றினோம்.

அக்கா றீற்றாவுக்குக் கல்யாணம் பேசி முடித்தது அந்த நாட்களில்தான். மாப்பிள்ளை அமலன், யாழ்ப்பாணப் பட்டினத்தில் கணக்கு வாத்தியார். அவருடைய அம்மாவும் ஓய்வுபெற்ற ரீச்சர். மாமி நல்ல மனுசி. ஆனால் எதையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதுபோலத் தெளிவாகச் சொல்லுவார். நாள் குறிக்க வந்த அன்று, தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே சொன்னார்:

“கோயிலாலை வீட்டை வாறதுக்குக் கார் நாங்கள் கொண்டு வாறம். தீவுக்குள்ளை நல்ல காரா எடுக்க ஏலாதெல்லே.”

அதில் ஒரு குத்தலும் இல்லை. உண்மையைத்தான் சொன்னார். ஆனால் அப்பா கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். எல்லாம் இழந்து வந்து மறுபடி வீடு கட்டியவர். மகளின் கல்யாணத்தில் ஒரு குறையும் வரக்கூடாது என்று ஓடித் திரிந்தவர். அவர் கீழே பார்த்ததை நான் பார்த்தேன். வாய் தானாகத் திறந்துவிட்டது.

“வேண்டாம் மாமி. எங்களிட்டைக் கார் இருக்கு.”

வீட்டிலிருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா குசினி வாசலில் நின்று கண்ணாலேயே ‘வேண்டாமடா’ என்றாள். நான் கவனிக்காத மாதிரி இருந்தேன்.

அவர்கள் போனபின் அப்பா முற்றத்துக்கு வந்து காரைச் சுற்றிப் பார்த்தார்.

“உண்மையா ஓடுமோடா?”

“ஓடும் அப்பா.”

“கொக்காவின்ரை கலியாணம். விளையாடுறேல்லை.”

“ஓடும் எண்டு சொல்லுறனெல்லே.”

அவர் நம்பினார். இதை எழுதும்போதும் எனக்கு அந்த இடத்தில்தான் காது சூடாகிறது. சிரிப்பதற்கு இதில் எவ்வளவோ இருக்கிறது, ஆனால் அவர் நம்பினார்.

இனி, வடிவமைப்பின் நுட்பங்கள். முன் எஞ்சினை நான் ஓட்டுவேன். பின் எஞ்சினுக்கு அன்ரன். ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு இரண்டு சாரதி என்றால் சனம் சிரிக்கும் என்பதால், அன்ரனைப் பின்னுக்கு ஒரு பெட்டிக்குள் மறைத்து மேலே மூடி போட்டேன். லான்ட்மாஸ்டரின் கைபிடி பெட்டிக்குள் வரவேண்டும் என்பதற்காக அந்த எஞ்சினைப் பின்பக்கம் பார்க்கத் திருப்பிப் பூட்டவேண்டி வந்தது. ஆகவே கார் முன்னே போவதற்கு அன்ரன் றிவேர்ஸ் கியர் போடவேண்டும். கார் பின்னே போவதற்கு அவன் முன் கியர் போடவேண்டும். றிவேர்ஸ் கியரில் லான்ட்மாஸ்டர் எவ்வளவு வேகமாக ஓடுமோ, அவ்வளவுதான் எங்கள் ஸ்போர்ட்ஸ் காரின் உச்ச வேகம். நாய்கள்கூட எங்களைத் துரத்தவில்லை, கூடவே நடந்து வந்தன.

பெட்டிக்குள் இருப்பவனுக்கு றோட்டுத் தெரியாது. அவனுக்கு எப்படிச் செய்தி சொல்வது? அங்கேதான் என் மூளை உச்சத்தைத் தொட்டது. ஒரு சைக்கிள் மணி பூட்டினேன். ஒரு அடி என்றால் முன்னே. இரண்டு அடி என்றால் நில். மூன்று அடி என்றால் பின்னே. ஆளில்லாத கடற்கரைப் பாதையில் ஓட்டிப் பார்த்தோம். மணி அடித்தேன், போனது. அடித்தேன், நின்றது. அடித்தேன், பின்னே வந்தது. நானும் அன்ரனும் ஒருவரை ஒருவர் எஞ்சினியர் என்று கூப்பிடத் தொடங்கினோம்.

யாழ்ப்பாணத்தில் சைக்கிள் இல்லாத வீடு கிடையாது என்பதையும், எல்லாச் சைக்கிளிலும் மணி இருக்கும் என்பதையும், கல்யாணத்துக்கு வருகிறவர்கள் அதில்தான் வருவார்கள் என்பதையும் இரண்டு எஞ்சினியர்களும் யோசிக்கவில்லை.

கல்யாணத்தன்று மாதா கோயிலில் பூசை முடிந்து பொண்ணும் மாப்பிள்ளையும் கோயில் வாசலுக்கு வந்தார்கள். சுறா பூமாலையோடு நின்றது. மாமி அதை மேலும் கீழும் பார்த்தார். “வடிவாத்தான் இருக்கு,” என்றார். அப்பாவின் நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்தது. மாமி அவரைத் தாங்கள் வந்த வான் வண்டியில் ஏற்றிப் பக்கத்தில் இருத்திக்கொண்டார். வான் எங்களுக்குப் பின்னால் வருவதாக ஏற்பாடு.

முதல் பிசகு உடனே வந்தது. பின் இருக்கையை நான் அளந்தது என்னையும் அன்ரனையும் இருத்தி. நாங்கள் இரண்டு பேரும் அப்போது ஈர்க்கிலுக்குச் சேலை கட்டினதுபோல இருப்போம். அக்காவும் அவளுடைய வெள்ளைப் பட்டும் முக்காடும் இருந்ததும் இருக்கை நிரம்பிவிட்டது.

“பரவாயில்லை, நான் முன்னுக்கு இருக்கிறன்,” என்று அமலன் அத்தான் வந்து என் பக்கத்தில் இருந்தார். அவ்வளவு நல்ல மனிதர்.

ஒரு மணி அடித்தேன். புறப்பட்டோம். இரண்டு எஞ்சின்களும் போட்ட சத்தத்தில் கோயிற் புறாக்கள் எல்லாம் காரைநகர்ப் பக்கம் பறந்தன. கல்யாணச் சனம் சைக்கிளில் பின்தொடர்ந்தது. எங்கள் வேகத்துக்குச் சைக்கிளை மெதுவாக ஓட்டி ஓட்டி அவர்களுக்குக் கால் உளைந்திருக்க வேண்டும். உற்சாகத்தில் ஒருவர் மணி அடித்தார். அதைக் கேட்டு இன்னொருவர் அடித்தார். பிறகு எல்லோரும் அடித்தார்கள்.

பெட்டிக்குள் இருட்டில் அன்ரன் என்ன செய்தான் என்று பிறகுதான் அறிந்தோம். நில் என்று கேட்டது, நின்றான். போ என்று கேட்டது, போனான். பின்னே என்று கேட்டது. அதன்பிறகு மூன்று மூன்றாகவே கேட்டுக்கொண்டிருந்தது. அவன் சொன்ன சொல் தவறாதவன். கியரை மாற்றி முழு வேகம் கொடுத்தான்.

நான் முன்னே இழுத்தேன். அவன் பின்னே இழுத்தான். நடுவில் போல்ட்டுகள் படக்கென்று அறுந்தன.

முன்னாலிருந்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கார் திடீரென்று இலகுவாகி வேகம் எடுத்தது. எனக்கு மெய்சிலிர்த்தது. கடைசியில் என் சுறா தன் உண்மையான பலத்தைக் காட்டுகிறது என்று நினைத்து இன்னொரு கியர் மாற்றினேன். அடிப்பக்கம் றோட்டில் உரசிக் கரகரவென்று சத்தம் வந்தது. ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இப்படித்தான் உறுமும் என்று எண்ணிக்கொண்டேன். அத்தான் என் தோளைப் பிடித்து உலுக்கி, “றீற்றா! றீற்றா!” என்று கத்தினார். கல்யாணமான அன்றே இவ்வளவு பாசமா என்று எனக்குக் கண்கூடக் கலங்கியது.

“ஓம் அத்தான்! அக்கா சரியான நல்லவ!” என்று நானும் கத்தினேன்.

நேவியின் சென்றியில் நின்ற சிப்பாய் கையைக் காட்டி மறித்தான். அவனுக்குத் தமிழ் மூன்று நான்கு சொல்தான் தெரியும். எங்களைப் பார்த்தான். எங்களுக்குப் பின்னால் பார்த்தான். மறுபடி எங்களைப் பார்த்தான்.

“தம்பி,” என்றான். “பாதி எங்கே?”

நான் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் வெறும் றோட்டு இருந்தது.

அத்தான் அதற்குள் குதித்து, கோட்டும் சப்பாத்துமாக வந்த வழியே ஓடிக்கொண்டிருந்தார். நான் அவருக்குப் பின்னால் ஓடினேன். ஓடும்போது நான் நினைத்ததெல்லாம், அக்காவுக்கு ஒன்றும் ஆகியிருக்கக்கூடாது, நான் கடலில் விழுந்து செத்துப்போகவேண்டும் என்பதுதான்.

அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பாதியும் பிரிந்ததும் பின்பாதி முன்னே சரிய, அவள் சறுக்கி றோட்டில் இறங்கி நின்றிருக்கிறாள். அன்ரன் மட்டும் தனியே பின்பக்கமாகப் போய், சைக்கிள்காரரை எல்லாம் சிதறடித்து, ஒரு பனையோலை வேலிக்குள் புகுந்து நின்றிருந்தான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெட்டியின் மூடி திறந்தது. தலையெல்லாம் ஓலையோடு அன்ரன் வெளியே வந்து, “வீடு வந்திட்டுதோ?” என்று கேட்டான்.

மாமி வானிலிருந்து இறங்கி வந்தார். அப்பா இறங்கவில்லை. வான் கண்ணாடிக்குப் பின்னால் அவருடைய தலை குனிந்திருந்தது.

அப்போது அக்கா சிரித்தாள். தலையில் முக்காடு சரிந்து, சேலையில் செம்மண்ணோடு, வாய்விட்டுச் சிரித்தாள்.

“பயந்திட்டியளோ மாமி? இது எங்கட தீவு ஆக்களின்ரை வழக்கம். பொம்பிளையை இடைவழியிலை விட்டிட்டு, தம்பியார் மாப்பிளையைக் கொண்டு ஓடோணும். மாப்பிளை பொம்பிளையைத் தேடி ஓடி வாறாரோ எண்டு பாக்கிறது.”

மாமி மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற மகனைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

“அப்பிடியோ? நல்ல வழக்கம்,” என்றார். “வா பிள்ளை, மிச்சத் தூரத்துக்கு எங்கட வானிலை போவம்.”

அக்கா வீடு வந்து சேர்ந்தது மாப்பிள்ளை வீட்டாரின் வானில்தான். நான் அன்ரனோடு நடந்து வந்தேன். நாங்கள் எஞ்சினியர் என்ற சொல்லை அதற்குப் பிறகு உச்சரிக்கவில்லை.

பின்னேரம் சனம் குறைந்ததும் குசினியில் அக்காவிடம் போனேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. “நீ சிரிச்சபடியாத் தப்பினன்,” என்றேன்.

அவள் முகத்தில் சிரிப்பே இல்லை. “உனக்காகச் சிரிக்கேல்லை ஜூட். அப்பா வானாலை இறங்கேலாமல் இருந்தவர். அவரைப் பாத்துத்தான் சிரிச்சனான்.”

அப்பா என்னை ஏசவில்லை. அடுத்த நாள் காலையில் போய் அந்த வேலியை அவரே கட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்காவும் அத்தானும் பிறகு கனடாவுக்குப் போனார்கள். மாமியும் அங்கே போனார். எனக்குப் பயணம் சரிவந்து நான் அங்கு போனபோது அத்தானின் தம்பிக்குக் கல்யாணம். கோயில் வாசலில் பெரிய கறுப்புக் கார் நின்றது. பொண்ணும் மாப்பிள்ளையும் ஏறப் போகும் நேரத்தில், பொண்ணின் தம்பி மாப்பிள்ளையை மட்டும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டு காரை எடுத்தான். சனம் கைதட்டியது. கொஞ்சத் தூரத்தில் மாப்பிள்ளை இறங்கித் திரும்பி ஓடி வந்தார். அத்தானின் குடும்பத்தில் எல்லாக் கல்யாணத்திலும் இப்போது இது நடக்கிறதாம். பிறகு விருந்து மண்டபத்தில் பொண்ணின் தகப்பன் கண் கலங்கி என்னிடம் வந்தார்.

“நீங்கள் தீவு ஆளெல்லோ தம்பி? என்ன அருமையான வழக்கம்! எப்பத்தையிலையிருந்து செய்யிறியள்?”

அக்கா மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கன காலமா,” என்றேன்.

அவர் திருப்தியாகப் போனார். பக்கத்தில் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமி என் பக்கம் மெல்லச் சரிந்தார்.

“எனக்கு ஒண்டுதான் தம்பி இண்டைவரைக்கும் விளங்கேல்லை. அந்த வழக்கத்திலை, பெட்டிக்குள்ளை இருக்கிற பெடியன் வேலிக்குள்ளையும் போகோணுமோ?”

நான் தண்ணீர் குடிக்க எழுந்தேன்.