விலை இறக்கும் வேலை

"சுவத்துக்கு எதுக்குங்க தண்ணி ஊத்துறீங்க?"

ஆஸ்பத்திரி எக்ஸ்ரேக்காரர் ஸ்டூலில் நின்றபடியே திரும்பினார். கையில் பிளாஸ்டிக் குவளை, எதிரே படுக்கையறைச் சுவர், காலடியில் பாதி காலியான வாளி. வாசலில் மனைவி.

"கத்தாத. ஓதம் ஏறின மாதிரி தெரியணும்."

"நல்லா இருக்குற சுவத்துக்கா?"

"நல்லா இருக்குறதுதான் பிரச்சனையே!"

வீடு அவருடைய அப்பா கட்டியது. பாதி இவருக்கு, பாதி வெளியூரில் இருக்கும் தம்பிக்கு. தம்பியின் பங்குக்கு விலை கொடுத்து முழு வீட்டையும் இவரே எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. அந்தப் பேச்சின்போது மனுஷர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அண்ணே, உங்களால முடிஞ்சதைப் போட்டுக் குடுங்க" என்றுதான் தம்பி போனில் சொன்னான். இவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"தம்பிகிட்ட தயவு கேக்குற ஆளு நான் இல்ல. வீட்டுக்கு விலை போடுற மதிப்பீட்டாளரை வரச் சொல்லு. அவர் சொல்ற விலைக்கு ஒத்த ரூபா குறைஞ்சாலும் எனக்கு வேண்டாம்!"

வீரவசனம் பேசி போனை வைத்த பிறகுதான் தெருவில் விசாரித்தார். ஊருக்கு வெளியே புதுச் சாலை போட்டதிலிருந்து, காய்கறி விலை கேட்பதுபோல் எல்லோரும் வீட்டு விலை கேட்கிறார்கள். பின்தெருவில் ஒரு வீடு. கதவைத் திறந்தால் கட்டிலில் இடிக்கும். அது போன விலையைக் கேட்டதும் இவருக்குத் தலை சுற்றியது. அந்தக் கணக்கில் போட்டால் சேமிப்பும் வங்கிக் கடனும் சேர்ந்தாலும் எட்டாது. இவரால் வாங்க முடியாவிட்டால் வீடு வெளியாளுக்குப் போய்விடும். பிறந்து வளர்ந்த வீட்டைப் பூட்டிச் சாவியை யாரிடமோ கொடுத்துவிட்டு வாடகை வீடு தேடவேண்டும்.

மதிப்பீட்டாளர் இன்று காலை வருகிறார். அதற்குள் விலையை இறக்கியாக வேண்டும்.

"இது நாம இருக்கப்போற வீடுங்க" என்றாள் மனைவி.

"வாங்கினாத்தானே இருக்க முடியும்?"

ஊற்றிய தண்ணீர் சுவரோடு இறங்கி, ஸ்விட்ச் போர்டுக்குள் புகுந்தது. 'பட்'டென்று ஒரு சத்தம். மின்விசிறி நின்றது. வீடு முழுக்கக் கரண்ட் போய்விட்டது.

"இதுவும் நல்லதுக்குத்தான். வயரிங் மோசம்னு எழுதிக்குவாரு" என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

மதிப்பீட்டாளர் சாந்தமான மனிதர். அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்க அவருடைய கார் டிரைவரும் உள்ளே வந்தார்.

"வாங்க சார். வீடுன்னு பேருதான். இந்த ஓதத்தைப் பாருங்க!"

மதிப்பீட்டாளர் பார்த்தார். "ம்" என்றார். பேனா சட்டைப் பையை விட்டு வெளியே வரவில்லை.

ஓதத்துக்கு மசிகிற ஆள் இல்லை என்று புரிந்துபோயிற்று. விரிசல் காட்டலாமென்றால், ஆஸ்பத்திரியில் ஊரார் எலும்பிலெல்லாம் விரிசல் கண்டுபிடிக்கிறவருக்குச் சொந்தச் சுவரில் ஒரு கீறல்கூட அகப்படவில்லை. சுத்தியலை எடுத்தார்.

"உள்ள எல்லாம் பொக்கை சார். தட்டினாலே தெரியும்."

தட்டினார். 'ணங்'கென்றது.

"நல்லா கெட்டியா இருக்கே!" என்றார் டிரைவர்.

அந்தப் பாராட்டைக் கேட்டு வந்த எரிச்சலில் இன்னும் ஓங்கிப் போட்டார். சுவர் அசையவில்லை. பக்கத்திலிருந்த ஜன்னல்தான் சட்டத்தோடு கழன்று வெளியே விழுந்தது.

"ஐயையோ!" என்றாள் மனைவி.

"பாத்தீங்களா சார்? தானா விழுது!"

"ம்."

அப்போதும் பேனா அசையவில்லை. எக்ஸ்ரேக்காரர் அவர் கையைப் பிடித்தார். அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"இந்தக் குழாய் ராப்பகலா ஒழுகும் சார்" என்று சொல்லிக்கொண்டே, கொஞ்சம் ஒழுகட்டுமே என்று திருகினார். குழாய் கையோடு வந்துவிட்டது. பீய்ச்சியடித்த தண்ணீர் மதிப்பீட்டாளரின் சட்டையையும் கண்ணாடியையும் நனைத்தது.

"மேல வால்வை மூடுங்க!" என்று மனைவி கத்தினாள். மொட்டை மாடிக்கு ஓடினார். வருஷக்கணக்காகத் தொடாத வால்வு. பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பியதில் கைப்பிடி உடைந்தது. தொட்டி காலியாகும்வரை இனி தண்ணீர் நிற்காது. காலியானால் திரும்ப ஏற்றக் கரண்டும் கிடையாது.

கீழே வந்தபோது மனைவி கணுக்கால் தண்ணீரில் துடைப்பத்தோடு நின்றிருந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் துடைத்துத் துடைத்து வைத்திருந்த அடுப்படி.

"எல்லாம் உனக்காகவும்தான்" என்றார் மெதுவாக.

"மாடி ரூம் மட்டும் முழுசா நிக்குது. அதையும் இடிச்சுட்டு வந்திருங்க" என்றாள் அவள்.

மதிப்பீட்டாளர் சட்டையைப் பிழிந்துகொண்டே காருக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார். கேட்டருகே டிரைவர் நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார். எக்ஸ்ரேக்காரர் சொட்டச் சொட்ட ஓடினார்.

"உங்களுக்குப் புண்ணியமா போகும், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. சார் எவ்வளவு போடுவாரு? குறையுமா?"

டிரைவர் அவரைப் பார்த்தார்; விழுந்து கிடந்த ஜன்னலைப் பார்த்தார்; வாசற்படி தாண்டி வழிந்துவரும் தண்ணீரையும் பார்த்தார். மனுஷரைப் பார்க்கப் பாவமாகப் போயிற்று. காரைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"அது போன வாரமே போட்டாச்சு சார், உங்க தம்பி எங்க ஆபீசுக்கு நேர்லயே வந்து, 'எங்க அண்ணன் ரோஷக்காரரு, நானா குறைச்சா வாங்கமாட்டாரு, அவரால குடுக்க முடிஞ்சது இவ்வளவுதான், அதையே விலையா எழுதிடுங்க'ன்னு கெஞ்சிட்டுப் போனாரு, இன்னிக்கு நாங்க சும்மா ஒப்புக்கு எட்டிப் பாக்கத்தான் வந்தோம்!"