முந்நூறு டிகிரி வெள்ளம்

ஒரு துளி மழை இல்லாத நாளில், ஒரே ஒரு விரலால், ஒரு நகரத்தையே குன்றின் உச்சியில் ஏற்றி நிறுத்தியவர் ஐயோ சார். சித்து விளையாட்டு ஏதோ என்று நினைத்துவிடாதீர்கள். மனிதர் வெள்ளத் தடுப்பு அலுவலகத்தில் எழுத்தர். வெள்ளம் வந்தால் ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போய் ஊரைக் கிளப்புவது அவர் வேலை. 'ஐயோ' இல்லாமல் ஒரு வாக்கியத்தைத் தொடங்கத் தெரியாது, அதனால் இந்தப் பெயர். மின்விசிறி கிறீச்சிட்டால்கூட நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்காருகிற ஆத்மா.

அன்று அவருக்கு ஜி.ஐ.எஸ். முதல் வகுப்பு. கணினியில் வரைபடத்தைப் போட்டு, எங்கே என்ன இருக்கிறது, யார் இருக்கிறார்கள் என்பதையெல்லாம் அதோடு கோத்து வைக்கிற வித்தை அது. சொல்லிக்கொடுக்க ஓர் இளம்பெண் வந்திருந்தாள். மாணவர் இவர் ஒருவரே. மற்றவர்கள் சாமர்த்தியமாக லீவு போட்டிருந்தார்கள்.

"ஐயோ, இதைத் தொட்டா ஷாக் அடிக்காதே மேடம்?"

"மவுஸ் சார் அது. கடிக்கக்கூட கடிக்காது. இங்க பாருங்க, கண்ணாடித் தாள் மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கியிருக்கு. ஒண்ணுல ஆறு மட்டும். ஒண்ணுல தெரு. ஒண்ணுல வீடு. சேர்த்துப் பார்த்தா ஆத்துப் பக்கத்துல எந்த வீடு இருக்குன்னு தெரியும். ஒரு வீட்டைத் தட்டுங்க. ஆளு பேரு, போன் நம்பர் எல்லாம் வருதா?"

வந்தது. அடுத்தவர் வீட்டுக் கதவைக் கேட்காமல் திறந்துவிட்டவர் போல ஐயோ சார் விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"இப்ப ஆத்துக்கு ரெண்டு பக்கமும் முந்நூறு மீட்டருக்கு வெள்ள எல்லை போடணும். பஃபர்னு பேரு. முந்நூறுன்னு அடிங்க. நான் போய் ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்."

அவள் போனாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்தார்.

திரை முழுக்க நீலம்.

ஆற்றைக் காணோம். ஊரைக் காணோம். படத்தைச் சுருக்கிப் பார்த்தார், நாட்டைக் காணோம். இன்னும் சுருக்கினார், பூமி மொத்தமும் நீலம். எண்ணுக்குப் பக்கத்துப் பெட்டியில், மீட்டர் என்று இருக்க வேண்டிய இடத்தில் டிகிரி என்று இருந்தது. ஒரு டிகிரியே நூறு கிலோமீட்டருக்கு மேல். உலகத்தைச் சுற்றி வந்தாலே முந்நூற்று அறுபதுதான். முழங்கால் ஆழ ஆற்றுக்கு ஐயோ சார் உலகத்தையே தின்னக் கொடுத்துவிட்டார்.

"ஐயோ!"

பதறிப்போய் இரண்டு பூஜ்யத்தை அழித்தார். மூன்று டிகிரி. கண்டங்கள் பிழைத்தன. ஊர் பிழைக்கவில்லை. எப்படியாவது நிறுத்தியாக வேண்டும். மூலையில் சிவப்பாக ஒரு பட்டன் இருந்தது. சிவப்பென்றால் நிறுத்துவதற்குத்தானே இருக்கும்? அழுத்தினார்.

'டிங்' என்றது கணினி. திரையில் எழுத்து வந்தது: 'வெள்ள அபாயம்! உடனே குன்றின் மேல் ஏறுங்கள்! எச்சரிக்கை அனுப்பப்பட்டது.'

ஐயோ சாருக்கு 'ஐயோ' கூட வரவில்லை. குன்றுக்குப் போகிற படிகள் ஓர் ஆள் அகலம். ஊர் மொத்தமும் அலறியடித்து ஏறினால், ஒருவர் தடுக்கினால் போதும், எல்லாரும் உருளுவார்கள். அவர் மனைவிக்கோ முட்டிவலி. கட்டில் ஏறவே கை கொடுக்க வேண்டும்.

வீட்டுக்குப் போன் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது. அவர் கூப்பிட்டால் அவள் எடுக்கிற வழக்கமே கிடையாது என்பது அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவில்லை.

"கிளம்பிட்டா! ஐயோ, கிளம்பிட்டா!"

மேலதிகாரிக்குப் போட்டார். லைன் பிஸி.

"ஐயோ, ஊரே அவருக்கு போன் பண்ணுது!"

ஒரே வழிதான். முதலில் போய்ப் படிக்குக் குறுக்கே நின்று எல்லாரையும் திருப்பி அனுப்புவது. செருப்பு ஒன்று மேஜைக்கடியில் கிடக்க, அவர் ஓடினார்.

சும்மா ஓட்டமா அது! தெரு நாய்கள் குரைக்க வாயைத் திறந்து மூடுவதற்குள் அடுத்த தெருவில் இருந்தார். முடிவெட்டுகிறவர் கத்தியும் கையுமாக அவரை வெறித்தார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால் கடையின் ஷட்டர் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு கன்னத்தில் மட்டும் சோப்பு நுரையோடு வாடிக்கையாளர் தெருவில் நின்றார்.

"ஐயோ, இவங்களுக்கு மெசேஜ் வந்துடுச்சு!"

வேகம் கூடியது. ரொட்டிக் கடைக்காரர் மாவுக் கையோடு வெளியே குதித்தார். தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு குதித்தார். இவர் வேகம் கூடக்கூடக் கடைகள் மடமடவென்று மூடின. மூடமூட இவர் வேகம் கூடியது.

அடிவாரத்தில் ஒருவரும் இல்லை.

"ஏறிட்டாங்க! ஐயோ, முட்டிவலியோட ஏறிட்டாளே!"

தவழ்ந்து, உருண்டு, உச்சிக்குப் போனார். அங்கே ஓர் ஆடு மட்டும் மென்றுகொண்டிருந்தது. திரும்பினார். படி தெரியாத அளவுக்கு ஜனம் ஏறி வந்துகொண்டிருந்தது. எல்லாருக்கும் முன்னால் அவர் மனைவி, கையில் குக்கரோடு.

"என்னங்க! மூணாவது விசில் வரலை, அப்படியே தூக்கிட்டு வந்துட்டேன்!"

"ஐயோ, உன் முட்டி?"

"உசுரே போகப்போகுது, முட்டியாம் முட்டி!"

ஒருவரும் விழவில்லை. ஐயோ சார் எல்லாருக்கும் முன்னால் மண்டியிட்டார்.

"ஐயோ, வெள்ளமே இல்லைங்க! டிகிரியை மீட்டர்னு நினைச்சு உங்க எல்லாருக்கும் மெசேஜ் அனுப்பிட்டேன். என்னை ஜெயில்ல போடுங்க. இவளை மட்டும் யாராவது கைப்பிடிச்சு இறக்கி விட்டுடுங்க."

கூட்டத்தை இடித்துக்கொண்டு, வகுப்பெடுக்க வந்த பெண் முன்னால் வந்தாள். மூச்சிரைப்பில் வார்த்தை துண்டு துண்டாக விழுந்தது.

"என்ன சார் உளறுறீங்க? அது பழகுறதுக்கு நான் செஞ்ச மேப்! பேரு, நம்பர் எல்லாம் என் கற்பனை. அந்தப் பட்டன் டிங்குன்னு சத்தம் போட்டு ஸ்கிரீன்ல ஒரு வரி காட்டும், அவ்வளவுதான். அதை வெச்சு ஒரு ஈயைக்கூட இங்க ஏத்த முடியாது. சான்ஸே இல்லை!"

முடிவெட்டுகிறவர் போனை எடுத்துப் பார்த்தார். "ஆமா, எனக்கு ஒண்ணும் வரலையே."

"எனக்கும் வரலை," என்றார் ரொட்டிக் கடைக்காரர்.

"என் போன் வீட்டுல சார்ஜ்ல கிடக்கு," என்றாள் மனைவி.

ஐயோ சார் மெதுவாக எழுந்தார். "ஐயோ... அப்ப நீங்க எதுக்கு மேடம் இங்க வந்தீங்க?"

அவள் தன் கையிலிருந்த காலி டீ கிளாஸைப் பார்த்தாள்.

"ஏத்திட்டீங்க சார், ஒத்துக்கறேன். டீக்கடையில நின்னுட்டிருந்தேன். வெள்ள ஆபீஸ்காரரே இந்த ஓட்டம் ஓடுறாரேன்னு, கிளாஸைக்கூட வைக்காம நானும் பின்னாலயே ஓடி வந்துட்டேன்."