ஈறில் தொங்கிய நூல்

அன்புள்ள தங்கைக்கு அண்ணன் எழுதுவது. இங்கே உன் அண்ணியும் தையல் மெஷினும் நலம். அங்கே நீ, மாப்பிள்ளை, குழந்தைகள், எனக்கு ஒன்று தருவதாகச் சொல்லியிருக்கும் உன் சிறுநீரகங்கள் இரண்டு, எல்லோரும் நலமா?

அடுத்த மாத ஆபரேஷனுக்கு லீவு போட்டிருந்தால் ரத்து செய்துவிடு. போனில் சொன்னால் சண்டைக்கு வருவாய், அதனால்தான் கடிதம். காரணம் என் பல். சிரிக்காதே. சிறுநீரகம் மாற்றிய பிறகு உடம்பு அதை விரட்டாமலிருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை கொடுப்பார்களாம். அப்போது வாயில் ஒரு சொத்தை இருந்தால் அதன் சீழே ஆளை முடித்துவிடுமாம். "முதல்ல பல்லைச் சரி பண்ணிட்டு வாங்க" என்று கிட்னி டாக்டர் விரட்டினார். பல் டாக்டரம்மாவோ என் கையில் டயாலிசிஸ் முடித்துப் போட்ட கட்டைப் பார்த்ததும் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டார். "ரத்தம் உறையாம இருக்க மருந்து போட்டிருப்பாங்க. இன்னிக்குத் தொட்டா நிக்காது, நாளைக்கு வாங்க." மறுநாள் போனால் எனக்கு பிரஷர் எகிறிக் கிடந்தது. பிரஷர் இறங்கிய நாளில் அங்கே கரண்ட் இல்லை. ஒருவழியாகக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி, ஈறில் தையல் போட்டு அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்க்கிறேன், தையலா அது! முடிச்சுக்கு வெளியே பிசிறு தொங்குது. இத்தனை வருஷமா அடுத்தவன் சட்டையில ஒரு பிசிறு விட்டவனில்லை நான், என் வாயிலயே விடுவேனா? நூல் வெட்டுற கத்தரியை எடுத்து ஒட்ட நறுக்கிட்டேன். முடிச்சும் கூடவே வந்திருச்சு. அப்புறம் என்ன, வாஷ்பேசின் பூரா ரத்தம், சட்டை பூரா ரத்தம், உன் அண்ணி துணியை வச்சு அமுக்கிக்கிட்டே அழறா, அழுதுகிட்டே திட்டறா, ஆட்டோக்காரர் "சீட்டுல படாம பாத்துக்கங்க"ங்கறார். டாக்டரம்மா மறுபடி தைச்சுட்டு, "நான் உங்க கடைக்கு வந்து பிசிறு வெட்டறேனா?"ன்னு கேட்டாங்க. வாய் நிறையப் பஞ்சோடு ஒரு கும்பிடு போட்டேன். செத்துவிடுவேன் என்றே பயந்துவிட்டேன்.

ஈறு இன்னும் ஆறவில்லை. ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகும் போலிருக்கிறது. அதுவரை டயாலிசிஸிலேயே காலத்தை ஓட்டிவிடுவேன். நீ பிள்ளைகளைப் பார். சின்னவள் இன்னும் உன் இடுப்பை விட்டு இறங்குவதில்லை என்று மாப்பிள்ளை சொன்னார்.

அவருக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு, சொத்தையில்லாத பக்கத்திலிருந்து, முத்தங்கள். நீ நூறு வயது முழுசாக இரு.

உன் அண்ணன்

பி.கு.: அண்ணி எழுதுகிறேன். தபாலில் போடச் சொன்னார், பிரித்துப் படித்துவிட்டேன். நூலை வெட்டியது நிஜம், ரத்தமும் நிஜம். ஆனால் அது போன மாதக் கதை. ஈறு ஆறிவிட்டது. "வாய் சுத்தமா இருக்கு, தாராளமா ஆபரேஷன் பண்ணலாம்" என்று டாக்டரம்மா நேற்றே சொல்லிவிட்டார். உன்னைக் கீறக்கூடாதாம் இவருக்கு. என்னுடையது பொருந்தியிருந்தால் நானும் உன்னைக் கேட்டிருக்க மாட்டேன். லீவை ரத்து செய்யாதே, சொன்ன தேதிக்கு வந்துவிடு அம்மா. சாக்குச் சொல்ல அவர் வாயில் இன்னும் நிறையப் பல் இருக்கிறது. நாள்தான் அவ்வளவு இல்லை.