மூன்று கோட் வார்னிஷ்

பஸ்ஸிலிருந்து இறங்கி மூச்சிரைக்க ஓடி வந்த ஜீபெக், ஸ்டுடியோ வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே அவளுடைய வடிவமைப்பு ஆசிரியர் ஒரோஸ்பெக் அகாய், சாப்பாட்டு விரிப்பிலிருந்த ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார். அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

எல்லாரும் அகாய் என்று கூப்பிடுகிற வாத்தியார் மேல் தப்பில்லை. விரிப்பில் ரொட்டி இருக்கிற இடத்தை விட்டு ஒரு வாய் தொடாமல் கிளம்ப பிஷ்கெக்கில் யாருக்கும் கால் வராது. தேர்வுக்கு முன்னால் விளக்கெல்லாம் எரிகிறதா என்று பார்க்க வந்தவர், திரும்பும்போது பழக்கத்தில் கையை நீட்டிவிட்டார். ஆனால் அந்த ஏழு ரொட்டிதான் ஜீபெக்கின் தேர்வு. 'பழகிய பொருளைப் பயன்படாமல் செய்' என்பது பாடம். நேற்று மேஜை நாற்காலிக்கு அடிக்கிற வார்னிஷை எடுத்து, ஏழுக்கும் மூன்று கோட் அடித்து வைத்திருந்தாள்.

இதே பாடத்தில் ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டவள். இந்த முறையும் போனால் பல்கலைக்கழகத்தை விட்டே அனுப்பிவிடுவார்கள். அப்புறம் நாரின் ஊரில் அத்தானின் டயர் கடைக்குப் போர்டு எழுத வேண்டியதுதான். வாத்தியாரைக் கொன்றவளுக்கு அந்தப் போர்டும் கிடைக்காது.

"அகாய் செத்துடுவாருடி!" என்று பின்னாலேயே வந்த தோழி எல்னுராவின் கையைப் பிடித்துக் கிள்ளினாள்.

"கத்தாதே. பால் குடிச்சா விஷம் முறியும்னு எங்க பெரியம்மா சொல்வாங்க. ஓடு!"

ஜீபெக் கேன்டீனுக்கு ஓடி ஒரு ஜாடிப் பாலோடு திரும்பினாள். "அகாய், இதைக் குடிங்க!"

"எதுக்கும்மா?"

"அது... அதுவும் என் படைப்புல சேர்ந்ததுதான்."

அகாயின் முகம் மலர்ந்தது. "அடி சக்கை! பார்க்க வர்றவங்களையும் உள்ளே இழுக்கிறியா? இதைத்தானே ரெண்டு வருஷமா தலைபாடா அடிச்சுக்கறேன்!" கதவைத் திறந்து, தாழ்வாரத்தில் நின்ற மற்ற இரண்டு தேர்வாளர்களையும் கூப்பிட்டார். "வாங்க, வாங்க! ஒரு வாய் ரொட்டி, ஒரு மடக்குப் பால்!"

ஒரு உயிர் மூன்று உயிராயிற்று.

"தடுத்துத் தொலைடி!" என்று எல்னுரா காதைக் கடித்தாள்.

"போதும்! இந்த ரொட்டியை யாரும் தின்னக் கூடாது!" என்று ஜீபெக் கத்தினாள்.

தேர்வாளர்களில் மூத்தவரான அனார்குல் எஜே மெதுவாகத் திரும்பினார். எஜே என்றால் அக்கா; ஆனால் இந்த அக்காவின் கோபம் தெரியாதவர்கள் அந்தக் கட்டிடத்தில் கிடையாது.

"என்னடி சொன்னே? ரொட்டியைத் தின்னக் கூடாதா? உன்னைப் பெத்தவங்க இதைத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?" என்றவர், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டைப் பிய்த்தார். சிந்திய துணுக்கைக்கூட விரலால் ஒற்றி வாயில் போட்டார். "நானும் தின்பேன், வகுப்பு மொத்தமும் தின்னும்! எல்லாரும் உள்ளே வாங்கடா!"

வெளியே காத்திருந்த பதினோரு பேரும் வந்தார்கள். தேர்வுப் பயத்தில் காலையில் ஒன்றும் சாப்பிடாத பிள்ளைகள். ஏழு ரொட்டியும் ஐந்து நிமிஷம் தாங்கவில்லை.

ஜீபெக் எண்ணிப் பார்த்தாள். பதினாலு பேர். பதினாலு ஜனாஸா. படிப்பாவது மண்ணாவது என்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"அதுல வார்னிஷ் அடிச்சிருக்கேன்! மூணு கோட்!"

மென்ற வாயெல்லாம் அப்படியே நின்றது. அனார்குல் எஜேயின் கன்னம் இன்னும் உப்பியிருந்தது. துப்பினால் பிழைக்கலாம், ஆனால் ரொட்டியைத் துப்புவது பாவம். கண்ணில் நீர் முட்ட, மனசுக்குள் பிஸ்மில்லா சொல்லி விழுங்கினார்.

"எனக்குத் தொண்டை எரியுது" என்றார் அகாய்.

"எனக்குக் கால் மரத்துப் போச்சு" என்றார் மூன்றாவது தேர்வாளர்.

யாரோ ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்கள். ஒரு துணுக்கும் தின்னாத எல்னுரா மயங்கி விழுந்தாள்.

வாளியும் துடைப்பமுமாக, அந்தத் தளத்தைப் பெருக்கித் துடைக்கிற ஷாரிபா எஜே எட்டிப் பார்த்தார். "என்ன, சாவு வீடு மாதிரி நிக்கறீங்க?"

அழுதுகொண்டே ஜீபெக் விஷயத்தைச் சொன்னாள்.

"அட கூறுகெட்டதுகளா! நீங்க தின்னது இன்னிக்குக் காலையில அடுப்புலேருந்து எடுத்த ரொட்டி. நான்தானே சந்தையில வாங்கிட்டு வந்து மாத்தி வெச்சேன், ஏழுக்கு ஏழு!"

அகாயின் தொண்டை எரிச்சல் போன இடம் தெரியவில்லை. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஜீபெக், முப்பது வருஷத்துல எந்தப் படைப்பும் என்னை இப்படி நடுங்க வெச்சதில்லை. பாஸ்! என் கண்ணு முன்னால நிக்காதே, போ!"

அனார்குல் எஜே முறைத்தார். ஆனால் அவரும் தலையை ஆட்டினார்.

ஜீபெக் ஓடிப்போய் ஷாரிபா எஜேயைக் கட்டிக்கொண்டாள். "நீங்க நூறு வருஷம் நல்லா இருக்கணும் எஜே! ஆமா, என்னோட ரொட்டியெல்லாம் எங்கே?"

"நம்ம பல்கலைக்கழகத்தை நடத்த விடலாமா, இழுத்து மூடலாமான்னு பார்க்க அமைச்சகத்துலேருந்து ஆறு பேர் வந்தாங்களா, வாசல்ல ரொட்டி குடுத்து வரவேற்கணுமேன்னு கண்ணாடியாட்டம் மின்னின உன்னோடதைத்தான் எடுத்துட்டுப் போனேன், பாவம், பல்லு வலிக்க வலிக்க மென்னாங்க, ஆனா மரியாதை தெரிஞ்ச மனுஷங்க, ஒரு துண்டுகூட மிச்சம் வைக்கலை!"