இப்போதைக்கு ஓட்டுங்க, மாப்ளே

நேற்றுப் பிற்பகல் மூன்று பத்துக்கு, எங்கள் பனியன் கம்பெனியில் டீக்காக மெஷின்கள் ஓய்ந்திருந்த நேரத்தில், உலகத்தில் 'இப்போதைக்கு'க்காரர்களின் எண்ணிக்கை ஒன்று குறைந்துவிட்டது என்று செய்தி வந்தது.

இந்த இனத்தை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. எது உடைந்தாலும் இவருக்கு மலைப்பு கிடையாது. எதையும் முழுசாகச் சரிசெய்கிற வழக்கமும் கிடையாது. ஒழுகும் குழாய்க்குச் சைக்கிள் டியூபைச் சுற்றி, கொண்டி போன கதவுக்கு ஸ்பூனை வளைத்து மாட்டி, ஆடுகிற கட்டிலின் காலுக்கடியில் பழைய பனியனை மடித்துத் திணித்து, எல்லாம் முடிந்ததும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "இப்போதைக்கு ஓட்டுங்க, ஞாயித்துக்கெழம பக்காவாப் பண்ணிக்கலாம்" என்பார். எந்த ஞாயிற்றுக்கிழமை? அதைக் கேட்கும் தைரியம் யாருக்கும் வந்ததில்லை.

எங்களுக்கு வாய்த்தவர் கந்தப்பன் மாமா. என் அம்மாவின் தம்பி, வெள்ளகோவில்காரர். வாரத்துக்கு ஒருதரம் முதலிபாளையத்துக்கு வந்து, என் கம்பெனியில் ஓடாததை ஓடவைத்துவிட்டு, ஓடுவதைக் கழற்றிப் பார்த்துவிட்டுப் போவார். கழற்றி மாட்டியதில் எப்போதும் இரண்டு திருகாணி மிச்சம் வரும். "கம்பெனிக்காரன் சேத்திப் போட்டுட்டான் மாப்ளே" என்று சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.

அவர் போனது காலை எட்டு மணிக்கே. செய்தி எனக்குப் பிற்பகலில் வந்ததற்கும் அவரே காரணம். ஆபீஸ் போன் ஒயரை எலி கடித்தபோது ஒட்டுப் போட்டவர் அவர்தான். அன்று முதல் அந்தப் போன் மணி அடிப்பது அதன் இஷ்டம். ஒயரை இடதுபக்கம் இழுத்துப் பிடித்தால் பேசலாம், விட்டால் போச்சு. செல்போனெல்லாம் இன்னும் எக்ஸ்போர்ட் முதலாளிகளோடு நிற்கிறது. எங்களைப் போல் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க் ஆட்களுக்கு இந்த ஒயர்தான். மாமாவின் மனைவி தெய்வாத்தாள் அத்தை காலையிலிருந்து முயன்றிருக்கிறார்.

"பொழுது எறங்கறதுக்குள்ள எடுக்கோணும்கறாங்க கண்ணு. நீ வந்து மொகத்தப் பாத்துருவியா?" என்றார். ஒயரை இழுத்துப் பிடித்தபடியே, "வந்தர்றனுங்க அத்தே" என்றேன்.

பஸ்ஸில் போனால் திருப்பூரில் மாறி, காங்கயத்தில் மாறி, சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். வாசலில் எங்கள் பழைய பிக்கப் நின்றது. மாமாவிடம் பழகிய தையல்காரர்களும் செக்கிங் ரங்காத்தாளும் நான் சொல்வதற்கு முன்பே பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்.

இந்த பிக்கப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன வருடம் இதன் சாவித் துவாரம் தேய்ந்து, சாவி சும்மா சுற்றத் தொடங்கியது. மாமா பார்த்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்து ஒயர்களை உருவி வெளியே போட்டார். கழித்துக் கட்டிய ஓவர்லாக் தையல் மெஷினின் பச்சை, சிவப்பு ஸ்விட்சைக் கரண்டுக்கு வைத்தார். வண்டியைக் கிளப்ப, வீட்டு வாசலில் வைக்கிற காலிங் பெல் பட்டன் ஒன்றைப் பொருத்தினார். பச்சையை அமுக்கி, பெல்லை அடித்தால் இன்ஜின் வந்து கதவைத் திறக்கும். ஓவர்லாக் அடிக்கத் தெரிந்த எவரும் ஓட்டலாம். உலகத்தில் வேறு எந்த ஊரில் இப்படி ஒரு வண்டி இருக்கும்?

டிரைவர் மணியன் பச்சையை அமுக்கினார். பெல்லை அடித்தார். சத்தமில்லை. மறுபடி அடித்தார்.

"ஊட்ல ஆளில்லீங்களாட்ட" என்றார் ரங்காத்தாள் பின்னாலிருந்து.

வண்டி நின்றால் எங்கள் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கூட்டத்துக்குக் குறைவில்லை. பக்கத்து நிட்டிங் கம்பெனி ஈஸ்வரமூர்த்தி வந்து பானட்டைக்கூடத் திறக்காமல், "பேட்டரி அவுட்டுங்க" என்றார். தண்ணி லாரிக்காரர், "செல்ஃப் மோட்டார் செத்துப்போச்சுங்க, நான் சொல்றன் பாருங்க" என்றார். தள்ளலாம் என்றார் ஒருவர். முன்னால் லோடு லாரி நிற்கிறது, பின்னால் மதில், எங்கே தள்ளுவது என்றார் இன்னொருவர். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

எனக்கு இன்ஜினைப் பற்றித் தெரிந்ததெல்லாம் மாமாவுக்கு டார்ச் பிடித்தபோது காதில் விழுந்ததுதான். "மொதல்ல ஹாரன அடிங்க மாப்ளே. அடிச்சா பேட்டரி மேல குத்தமில்ல" என்பார். அடித்தேன். காதைப் பிடித்துக்கொண்டு ஈஸ்வரமூர்த்தி நகர்ந்தார். "லைட்டப் போட்டுட்டுக் கெளப்புங்க. லைட் மங்குச்சுன்னா மோட்டாருக்குச் சேதி போய்ச் சேந்துருச்சு. மங்கலீன்னா சேதியே போகல." மணியன் லைட்டைப் போட்டு பெல்லை அடித்தார். மங்கவில்லை. சேதி போகவில்லை. அப்புறம் பட்டனுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு ஒயரையும் உருவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒன்றோடொன்று தொட்டேன். பொறி பறந்தது. மோட்டார் ஒரு சுற்று உறுமி நின்றது. தண்ணி லாரிக்காரருக்குத் திடீரென்று வேலை ஞாபகம் வந்துவிட்டது.

ஆக, குற்றவாளி காலிங் பெல். பிரித்துப் பார்த்தால் உள்ளே தகடு கருகி உதிர்ந்திருந்தது. 

டேப் இருக்குமா என்று மணியன் டேஷ்போர்டு பெட்டியைத் திறந்தார். டேப் இருந்தது. அதோடு, மிச்சத் திருகாணிகளுக்கு நடுவில், ரப்பர் பேண்டு போட்ட ஒரு பிளாஸ்டிக் கவர். கவருக்குள் புது இக்னிஷன் ஸ்விட்ச், சாவியோடு. ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக மாமா எப்போதோ வாங்கி வைத்தது.

"புதுசயே போட்டர்லாங்களா?" என்றார் மணியன்.

அதற்கு ஸ்டியரிங் மூடியைக் கழற்ற வேண்டும், பழசை உடைத்து எடுக்க வேண்டும், எந்த ஒயர் எதற்கு என்று பார்க்க வேண்டும். சூரியன் அதற்கெல்லாம் நிற்குமா? நான் ஆபீசுக்குள் ஓடினேன். டீ சொல்வதற்காக என் மேஜையில் வைத்திருந்த பெல் பட்டனைத் திருகிப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். ஒயரை மாட்டி டேப்பைச் சுற்றினேன். கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டேன்.

"இப்போதைக்கு ஓட்டுங்க மணியா."

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது.

"வாரிசு வந்தாச்சுங்க" என்றார் ரங்காத்தாள், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே. வண்டி முழுக்கச் சிரித்தது. மணியன் பெல்லை அடித்தார். இன்ஜின் கதவைத் திறந்தது.

வெள்ளகோவிலுக்குள் நுழையும்போது வெயில் பனைமர உயரத்துக்கு இறங்கியிருந்தது. எடுக்கவில்லை. "அக்கா மகன் வரட்டும்" என்று அத்தை எல்லோரையும் நிறுத்திவைத்திருந்தார். முகத்தைப் பார்த்தேன். எதையோ கழற்றப் போகிற மாதிரிதான் இருந்தது. பந்தலின் ஒரு கால் சைக்கிள் டியூபால் கட்டியிருந்தது. யார் கட்டியது என்று நான் கேட்கவில்லை. அவருடைய சிஷ்யர்கள் அந்த ஊரில் நிறைய.

"அந்த வண்டியா வந்துச்சு?" என்றார் அத்தை.

"இப்போதைக்கு வந்துருச்சுங்க அத்தே."

அழுகைக்கு நடுவில் அத்தை சிரித்துவிட்டார். மாமாவுக்கு அது கேட்டிருந்தால் ஒரு திருகாணியை எடுத்துக் காட்டியிருப்பார்.

இதைப் படித்து நீங்களும் சிரிக்கிறீர்கள். நல்லது. அப்படியே எழுந்து உங்கள் வீட்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். டிவி ரிமோட்டின் முதுகில் ரப்பர் பேண்டு இல்லையே? குளியலறைக் கதவை ஆணியில் கயிறு சுற்றிச் சாத்துவதில்லையே? மிக்ஸி ஜாரை ஒரு கையால் அழுத்திப் பிடித்தால்தான் ஓடும் என்று புது மருமகளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையே? "அதெல்லாம் சும்மா, ஒரு நாள் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறீர்களா? அப்படியானால் வாருங்கள், இனத்தில் ஒரு இடம் நேற்றுத்தான் காலியாகியிருக்கிறது. நான் முந்திக்கொண்டேன் என்று நினைக்க வேண்டாம், இடம் இருக்கிறது.

என்னைக் கேட்டால், நான் அந்த இனமே இல்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை. கம்பெனி லீவு. வண்டி வாசலில் சும்மாதான் நின்றது, ஸ்க்ரூ டிரைவரும் கையில் இருந்தது. டேஷ்போர்டு பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினேன்.

புது ஸ்விட்ச் கவரில்தான் இருக்கிறது. ரப்பர் பேண்டைக்கூட எடுக்கவில்லை.